கலண்டர்த் தாளின் பின்பக்கம்

முதலாம் நாள், வெள்ளி

கொழும்புக் கோட்டையில் திருகோணமலைக்கு இரவு ரயில் ஏறும்போதே போனில் ஒரு பட்டியல் இருந்தது. கோணேசர் கோவில், கன்னியா வெந்நீர்க் கிணறு, கிண்ணியாத் துறையடி, நிலாவெளி, புறாத்தீவு, டச்பேக் கடற்கரையில் சரையில் சுற்றித் தரும் கச்சான். வழியனுப்ப வந்த மகள் எட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் நீங்கள் போன இடம்தானே அம்மா. ஒண்டும் புதுசா இல்லையா?"

"அதுக்குத்தான் போறன்" என்றேன். பதினாறு வயதுக்காரிக்கு இதை விளக்கப் போனால் ரயில் போய்விடும்.

கல்லோயாச் சந்தியில் விழித்திருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். தண்டவாளம் அங்கேதான் பிரியும், ஒன்று மட்டக்களப்புக்கு, மற்றது எங்களுக்கு. சின்ன வயதில் அந்தச் சந்தி வந்தாலே பாதி ஊர் வந்த மாதிரி. நித்திரையில் விட்டுவிட்டேன். கண் திறந்தபோது தம்பலகாமத்து வயல், சிறுபோகம் முற்றி மஞ்சளாக நின்றது. பிறகு சீனன்குடா. காட்டுக்குள் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள், 99. அந்த எண் ஏன் இன்னும் மண்டைக்குள் இருக்கிறது, நேற்றுக் கொடுத்த கடவுச்சொல் ஏன் இல்லை என்று தெரியவில்லை.

ஓட்டோவில் உப்புவெளிக்கு வந்து இறங்கினேன். அப்பா படலையில் நின்றார். ஆறு மாதத்துக்குப் பிறகு மகளைக் காண்கிற அப்பாவின் முதல் வசனம் இது:

"வந்தனியே பிள்ளை? மோட்டர் தண்ணி இழுக்குதில்ல. குளிக்கிறதெண்டா வாளியால அள்ளு."

அப்பாவுக்கு 78 வயது. அம்மா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார். கொழும்புக்கு வாருங்கள் என்று நான் கேட்பதும் அவர் "பாப்பம்" என்பதும் ஆறு வருடமாக நடக்கிறது.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது என் பட்டியலை வாசித்துக் காட்டினேன். மரியாதையாகக் கேட்டார். பிறகு எழுந்து போய்ச் சாமித் தட்டில் இருந்து ஒரு தாள் எடுத்துவந்தார். நாள் கலண்டரில் கிழித்த தாள். பின்பக்கத்தில் தபால் கந்தோர்க் கையெழுத்தில், கோடு போட்டதுபோல நேராக: கண்ணாடி. ஃபுட் வால்வ். நானா. சூடை மீன். தயிர்.

"நீ நிக்கேக்க இதையும் ஒருக்கா முடிச்சால் நல்லம்" என்றார்.

இரண்டாம் நாள், சனி

கண்ணாடியில் தொடங்கினோம். கடையின் பெயர் வேண்டாம். எட்டு மாதத்துக்கு முன் அங்கேதான் புதுக் கண்ணாடி செய்தாராம். இன்று வேறொரு கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த பெடியன் மூக்குக்கண்ணாடியை வாங்கி மெஷினில் வைத்தான், எடுத்தான், திரும்ப வைத்தான். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, இடக்கண் வில்லை வலப்பக்கம் கிடக்கு. வலக்கண் வில்லை இடப்பக்கம்" என்றான்.

எட்டு மாதம்.

"நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதானே பேப்பர் வாசிக்கிறனான்" என்றார் அப்பா, அது எல்லாரும் செய்கிற காரியம்போல.

இதில் எனக்கு ஏன் வயிற்றைப் பிசைந்தது என்று சொல்ல வேண்டும். இந்த வருடம் பழைய அல்பங்களைக் கொழும்புக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு இரவும் வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நூறுக்கு மேல் இருக்கும். அம்மா கலியாணத்தன்று, நான் சில்லுப் பூட்டின மரக்குதிரையில், பெரியம்மா வீட்டு முற்றம். ஒவ்வொன்றுக்கும் அப்பாவிடமிருந்து ஒரு கட்டைவிரல் வரும். எனக்கு நெஞ்சு நிறையும். அப்பாவும் நானும் சேர்ந்து பழைய காலத்தில் உலாவுகிறோம் என்று நினைத்துக்கொள்வேன்.

"அப்ப நான் அனுப்பின படங்கள்?"

"பனி மூட்டமாத்தான் தெரிஞ்சது. நீ மினக்கெட்டு அனுப்பிறாய் எண்டு விரல் போட்டனான்."

"ஏன் சொல்லேல்லை?"

கொஞ்சம் யோசித்தார். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். "நீ கேக்கேல்லையே. 'இதில நிக்கிறது ஆர் அப்பா' எண்டுதான் கேட்டனி."

புதுக் கண்ணாடி திங்கள் பின்னேரம் தருவார்களாம்.

இதை முற்றத்தில் இருந்து எழுதுகிறேன். கச்சான் காற்று மாமரத்தைப் பிடித்து உலுப்புகிறது. (பிற ஊர் வாசகர்களுக்கு: கச்சான் என்றால் எங்களுக்கு வேர்க்கடலையும்தான், ஆவணியில் அடிக்கிற இந்த வரண்ட காற்றும்தான்.) ஜூனில் வருவதாகச் சொல்லியிருந்தேன். கணக்காய்வு வேலை முடியவில்லை, வரவில்லை. அதே ஜூனில் ஸ்கேன் செய்ய நேரம் இருந்திருக்கிறது. அந்தப் படங்களின் திகதிகள் போனில் அப்படியே கிடக்கின்றன, யாரும் என்னோடு வாதாட முடியாது.

நொஸ்டால்ஜியா என்ற சொல்லை உண்டாக்கியவர் ஒரு கவிஞர் அல்ல, யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர். சுவிஸ் நாட்டு பாசலில், 1688 இல். வீடு திரும்புதலுக்கும் வலிக்கும் உரிய இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து, ஊரை விட்டுத் தூரதேசம் போனவர்களுக்கு வரும் நோய்க்குப் பெயராக வைத்தார். கூலிப் படையில் சேர்ந்து போன சுவிஸ்காரருக்கு அது வந்தது. அவர்கள் பாவம், மலை தாண்ட வேண்டும். நான் ஓர் இரவு ரயில் தூரத்தில் ஊரை வைத்துக்கொண்டு ஏங்குகிறவள்.

மூன்றாம் நாள், ஞாயிறு

கோணேசர் கோவில் என் பட்டியல். அப்பா முழங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். பிரட்றிக் கோட்டை வாசலால் நுழைந்து ஏறினோம். நிழல் கண்ட இடமெல்லாம் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாட்டின் எல்லாப் பக்கத்துச் சனமும் தொப்பிக் கடைகளும் தள்ளுமுள்ளும். நான் மனதுக்குள் முணுமுணுத்தபடி நடந்தேன். முந்தி இவ்வளவு கடை இல்லை. முந்தி இந்தப் பாதை அமைதி. முந்தி, முந்தி. கடைசியில் வாய்விட்டே சொல்லிவிட்டேன், "பழைய கோவில் மாதிரி இல்லை அப்பா."

"எது பழசு?" என்றார்.

1963 இல் குடமுழுக்கு நடந்தபோது அப்பாவுக்கு 16 வயது. போர்த்துக்கேயர் 1622 இல் இடித்த கோவில், அதன் பிறகு முந்நூற்றுச் சொச்சம் வருடம் மலையில் நின்று கடலில் பூவும் தேங்காயும் போட்டுத்தான் கும்பிட்டார்கள். அப்பாவின் ஆச்சி அப்படிக் கும்பிட்டவர். புதுக் கோவில் எழும்பினபோது ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா முந்தி மாதிரிக் காத்து இல்லை" என்றாராம். அப்பா அதைச் சொல்லிச் சிரித்தார். நான் "பழசு" என்று நெஞ்சில் வைத்திருப்பது அவர் சுவரில் சுண்ணாம்பு ஈரம் காயாமல் பார்த்தது. ஆச்சிக்கு அதுவே கெட்டுப்போன காலம்.

இராவணன் வெட்டுப் பக்கம் மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னத் தொட்டில்கள் காற்றில் ஆடின. அர்ச்சனை முடித்து இறங்கும்போது ஒரு புள்ளிமான், கொம்புள்ளது, நேரே வந்து தட்டில் இருந்த வாழைப்பழத்தை எடுத்தது. அடுத்த வாய்க்கு வெற்றிலை. நான் தட்டை உயர்த்தினேன், அது முன்னங்காலைத் தூக்கியது, விபூதி முழுதும் என் சேலையில். மான் நிதானமாக மென்றது. கீழ்த்தாடை ஒருபக்கமாகவே போய் வந்தது, வெற்றிலைக் காம்பு வாயோரத்தில் சுருட்டுப்போல நின்றது. அப்பா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சத்தம் வராத, தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. படம் எடுக்கவில்லை. இரண்டு கையிலும் தட்டு.

பின்னேரம் கன்னியா. அப்பா வரவில்லை. அம்மாவின் அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே போனவர், அதனால்தான் வரவில்லை என்று நானே கதை கட்டிக்கொண்டு போனேன். ஏழு கிணறும் ஏழு சூட்டில் இருந்தன, வரிசை நீளம், அரை மணித்தியாலத்தில் தலையில் நாலு வாளி ஊற்றிக்கொண்டு திரும்பிவிட்டேன். வந்து கேட்டேன். "மனசுக்குக் கஷ்டம் எண்டா வராமல் விட்டனீங்கள்?"

"இல்லையே. கிரிக்கெட் மட்ச் போச்சு."

நான்காம் நாள், திங்கள்

இன்று நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பல வருடம் கிண்ணியாத் தபால் கந்தோரில் வேலை. பள்ளி விடுமுறையில் சிலநாள் என்னையும் கூட்டிப்போவார். அப்போது பாலம் இல்லை. பாதை இருந்தது. எங்கள் பக்கத்தில் வாகனங்களை ஏற்றிக் கடக்கும் மிதவைக்குப் பெயரே பாதை. தண்ணீருக்கு மேலே நகர்கிற தெரு என்று எனக்கு அதில் அவ்வளவு புளுகம். என் பட்டியலில் மனசுக்கு மிகக் கிட்டின வரி அதுதான். எட்டு வயதில் கம்பியைப் பிடித்து நின்றது, டீசல் வாசமும் உப்பும் கலந்த காற்று, அவித்த சோளம், பக்கத்தில் நின்ற மாட்டு வண்டிலில் மாடு என் பாவாடையை நக்கியது. கொழும்பில் வாகன நெரிசலில் நிற்கும்போது நான் கண்ணை மூடிப் போகிற இடம் அது.

2009 இல் பாலம் திறந்துவிட்டார்கள். 396 மீற்றர். ஓட்டோவில் ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. நடுப்பாலத்தில் நிற்பாட்டச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். அப்பா உள்ளேயே இருந்தார், மடியில் வாழைப்பழச் சீப்பு.

"எவ்வளவு நல்ல காலம் என்னப்பா" என்றேன்.

"கடைசிப் பாதையை விட்டா கந்தோர் மேசையில்தான் படுக்கை. நுளம்பு. கொம்மாவுக்குச் சொல்லி அனுப்ப வழி இல்லை. அவ விடிய விடிய முழிச்சிருப்பா, சண்டைக் காலம்." பிறகு ஓட்டோக்காரத் தம்பியிடம், "எடுங்கோ ராசா, வெயில்."

நானா அப்பாவோடு வேலை செய்த தபால்காரர். இரண்டு பேருக்கும் நாற்பது வருடத்துக்கு மேல் பழக்கம். நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன், பழைய கதை கொட்டப்போகிறது என்று. போனில் ஒலிப்பதிவைக்கூடத் தட்டிவிட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு மணித்தியாலம் பேசினார்கள். நானாவின் சீனி வருத்தம் எத்தனையில் நிற்கிறது. அப்பாவின் கண்ணாடி இடம் மாறின கதை (இரண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள்). வெங்காய விலை. கூரையில் புதிதாகப் பூட்டின சூரியத் தகடு, அதைப் பார்க்க இரண்டு பேரும் வெயிலில் இறங்கி, கையை நெற்றியில் வைத்து, அண்ணாந்து, ஐந்து நிமிடம் நின்றார்கள். பேரன் பழகுகிற மோட்டார் சைக்கிள். நாற்பது வருடத்தில் ஒரு நாள்கூட அந்த உரையாடலுக்குள் வரவில்லை. ஒலிப்பதிவில் கோழிச் சத்தம்தான் கூட.

குசினிப் பக்கம் போனேன். நானாவின் மருமகள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார், என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று, "பாதையில வந்த காலம் தனி வடிவு, இப்ப பாலத்தில ஒண்டுமில்ல" என்றேன்.

அவர் கேத்தலைக் கீழே வைத்தார். "அக்கா, குறிஞ்சாக்கேணி தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். 2021 நவம்பர் 23. பழைய பாலத்தைக் கழற்றிவிட்டுப் புதிது கட்டிக்கொண்டிருந்தார்கள், அதனால் சனம் மிதவைப் பாதையில் கடந்தது. காலையில், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு, அது கவிழ்ந்தது. பிள்ளைகள் இறந்துபோனார்கள். கொழும்பில் மேசையில் இருந்து செய்தியை வாசித்தேன், ஐயோ என்றேன், அடுத்த மின்னஞ்சலைத் திறந்தேன். கிண்ணியாவுக்குள்ளேயே நடந்த அந்தப் பாதையையும் என் சோளக்காலத்துப் பாதையையும் ஒருநாளும் ஒன்றாக நினைத்ததில்லை. அது செய்தி, இது ஞாபகம் என்று வேறு வேறு பெட்டியில் வைத்திருந்திருக்கிறேன்.

"என்ட மகனுக்கு அண்டைக்குக் காய்ச்சல். அதால அனுப்பல்ல" என்றார் அவர். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சீனி எத்தனை கரண்டி என்று கேட்டார்.

முற்றத்தில் மோட்டார் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தவன் அந்த மகனாகத்தான் இருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பாலத்தில் நிற்பாட்டச் சொல்லவில்லை. தயிர்ச் சட்டி ஒன்று வாங்கினோம், எருமைத் தயிர், சட்டி விளிம்பில் ஆடை மஞ்சளாகக் கட்டியிருந்தது. அப்பா அதை மடியில் வைத்து, மேடுபள்ளத்துக்கெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். கண்ணாடியும் எடுத்தாயிற்று. போட்டதும் என் முகத்தைத்தான் பார்த்தார். "மெலிஞ்சு போனாய். நரையும் விழுந்திருக்கு" என்றார். போன தடவை வந்தபோதே விழுந்த நரை.

இரவு நித்திரை வரவில்லை. இந்தக் கொட்டியாரக் குடாவில்தான் 1660 இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெடியன் கப்பலில் வந்து பிடிபட்டார். கண்டி அரசனின் கைதியாகப் பத்தொன்பது வருடத்துக்கு மேல். ஊர், ஊர் என்று இருந்து, 1679 இல் தப்பி, லண்டன் போய்ச் சேர்ந்தார். போனவர் அங்கே அதிக காலம் இருக்கவில்லை, கப்பல் தலைவனாக மறுபடி கடலேறிவிட்டார். பள்ளியில் படிக்கும்போது அந்தக் கடைசிப் பகுதியை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஐந்தாம் நாள், செவ்வாய்

இரவு ரயில். பகலில் நிலாவெளி போய், படகெடுத்துப் புறாத்தீவும் போவதாக இருந்தது. காலையில் அப்பா கிணற்றடியில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பைப்பைக் கழற்றத் தொடங்கிவிட்டார். 78 வயது மனுஷனை விட்டுவிட்டுப் பவளப்பாறை பார்க்கப் போகலாமா? போகலாம், ஆள் ஒன்றும் நினைக்க மாட்டார். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பைப்பைப் பிடித்தேன்.

ஃபுட் வால்வ் என்பது கிணற்றுக்குள் போகிற பைப்பின் அடி நுனியில் இருக்கும் ஒருவழிக் கதவு. தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. அதன் றப்பர் தேய்ந்தால் பைப்பில் நிற்கிற தண்ணீர் எல்லாம் கிணற்றுக்கே திரும்பிவிடும். மோட்டர் காற்றைக் குடித்துக்கொண்டு சும்மா சுற்றும். எங்களுடையது மணல் நிலத்துக் கிணறு, பன்னிரண்டு அடிகூட இல்லை, ஆனால் பைப் என்ன பாரம்! தூக்கி வெளியே போட்டபோது என் முழங்கை வரை பாசி. அப்பா வால்வைக் கழற்றி, புதுக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, றப்பரை வெளிச்சத்தில் பிடித்தார். "இஞ்ச பார், வெடிப்பு." நகத்தளவு. அவர் இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தார்.

புதியதைப் பூட்டினோம். புரிக்கு வெள்ளை டேப் எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் சண்டை. அவர் சொன்னதுதான் சரி. பைப்பை இறக்கி, மோட்டரின் மேல்துளையில் சின்னக் கோப்பையால் தண்ணீர் ஊற்ற வேண்டும். "குமிழ் நிக்கும் மட்டும் ஊத்து." ஊற்றினேன். குளுக் என்று ஒரு குமிழ், பிறகு தண்ணீர் இறங்கும். திரும்ப ஊற்று. குளுக். பத்து நிமிடம் அந்தத் துளையைத் தவிர உலகத்தில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. கடைசியில் தண்ணீர் விளிம்புவரை வந்து, இறங்காமல், வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

"மூடு. இறுக்கு. இனிப் போய்ச் சுவிச்சைப் போடு."

மோட்டர் இருமியது. இரண்டு தரம். பிறகு சத்தம் கனத்தது, குழாயால் முதலில் செம்மண் நிறத்திலும் பிறகு வெள்ளையாகவும் தண்ணீர் பாய்ந்தது. அப்பா சாரத்தோடு அப்படியே குழாய்க்குக் கீழே தலையைக் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்ற மறந்துபோனார்.

மத்தியானம் சூடை. கரைவலைக்காரரிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தார். செவுளைத் தூக்கிப் பார்த்து, இரண்டைத் திருப்பிக் கொடுத்து, மிச்சத்தை வாங்கினார். பொரித்து, புட்டோடும் சொதியோடும் தின்றோம். முள்ளோடுதான். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு சாய்மனையில் விழுந்து, ரயிலுக்கு நேரமாகும் மட்டும் நித்திரை. டச்பேக் கச்சானுக்கும் போகவில்லை.

ஆறாம் நாள், புதன், கொழும்பு

கல்லோயாவில் இந்த முறை விழித்திருந்தேன். இருட்டு, ஒரு மஞ்சள் விளக்கு, ஒரு நாய்.

வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்து, கந்தோருக்கு வெளிக்கிடுமுன் அப்பாவுக்கு எடுத்தேன். படங்களைப் புதுக் கண்ணாடியோடு ஒருக்காப் பாருங்கள் என்று சொல்லத்தான் எடுத்தேன். அவர் போனைத் தூக்கியதும் பின்னால் மோட்டர்ச் சத்தம். கேட்க வந்ததை விட்டுவிட்டு, "என்னப்பா செய்யிறீங்கள்?" என்றேன்.

"தொட்டி நிறையுது. வழியப் போகுது, வை பிள்ளை."

வைத்துவிட்டார்.